இடம் கொடுத்தவன்

தலுங்கான் ஊரில் செல்மோவைப் போல் அழகாக விழத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. விழுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள், சிமெண்டுத் தரையில், மல்லாக்க, கையூன்றாமல், முகத்தில் நிஜமான திகைப்போடு, வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று பத்து வருடம் விழுந்து பார்க்கட்டும். இடுப்பு பதில் சொல்லும்.

இத்தனைக்கும் அவன் விழுவதற்கென்று பிறந்தவன் இல்லை. இருபது வயதில் அவனுக்கு ஊரில் ‘அட்டை’ என்று பெயர். கூடைப்பந்தில் ஒரு எதிராளியைச் செல்மோவின் பொறுப்பில் விட்டால், அந்த ஆள் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது செல்மோ உள்ளே இருக்கிறானா என்று உதறிப் பார்ப்பானாம். ஐந்தடி நான்கங்குலம்தான் உயரம். அதனாலென்ன, ஐந்தடிக்காரர்கள் பத்தடி உயரக் கூடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழிக்கிற தேசம் அது. செல்மோ முழங்காலை மடக்கி, கையை விரித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தபடி, பந்து வைத்திருப்பவனின் மூச்சு தன் நெற்றியில் படுகிற தூரத்திலேயே நிற்பான். ஜம்ப் ஷாட் போட ஒரு முழம் இடம் வேண்டும். எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, மணிக்கட்டை மடக்கி எறிய அந்த ஒரு முழம் கிடைக்காவிட்டால் பந்து எறிந்தவன் மூக்குக்கே திரும்பி வரும். அதை ஏமாற்றியோ பிடுங்கியோ சம்பாதிப்பதுதான் ஆட்டத்தில் பாதி. செல்மோ யாருக்கும் ஒரு விரற்கடைகூடக் கொடுத்ததில்லை.

பிழைப்புக்கு, மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஆள் உட்காரப் பெட்டி கட்டிய மூன்று சக்கர வண்டி ஓட்டினான். மனைவி பெர்லிட்டா ஆடுகளத்தின் ஓரத்தில் அண்டா வைத்து, இஞ்சியும் கோழியும் போட்ட கஞ்சி விற்றாள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள். கஞ்சி குடிக்க வந்தவர்கள் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொன்னார்கள். எல்லார் குரலுக்கும் மேலே பெர்லிட்டாவின் குரல் கேட்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இரும்புக்கடை ரூஃபினோ ஊர்த் தலைவர் தேர்தலில் ஜெயித்தார்.

ரூஃபினோவுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். பிறருக்குக் கெடுதல் செய்யப் பிறரைக் கொஞ்சமாவது கவனிக்கவேண்டும். அவர் கவனம் முழுக்க அவர்மேலேயே இருந்தது. பதவியேற்ற ஆறாம் மாதம் ஆடுகளத்துக்குத் தகரக் கூரை போட்டார். கூரையில் அவர் பெயர். தூண்களிலும் பெஞ்சுகளிலும் குப்பைத் தொட்டியிலும் அவர் பெயர். கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பெயர் மட்டும் எழுதினால் எடுப்பாக இருக்காது என்று முகத்தையே வரையவைத்தார். பலகையில் பட்டுப் பந்து உள்ளே விழவேண்டுமானால் அவருடைய புருவ மத்தியைக் குறிபார்க்கவேண்டும். ஊரில் பலகையில் அடித்துப் போடுகிறவர்களின் எண்ணிக்கை அந்த வருடம் திடீரென்று கூடியது.

கூரை போட்டவருக்கு அதன் கீழே ஆடவும் ஆசை வந்தது. கைப்பேசியில் யாரோ ஒருவன் இடம் உண்டாக்குவது எப்படி என்று விளக்குகிற காணொளியை நாற்பது தடவை பார்த்தார். இடது காலால் முன்னால் ஒரு பொய்யடி வைக்கவேண்டும். தோளை ஒரு குலுக்கு. எதிரே மறிக்கிறவன் ஏமாந்து பின்னால் சாய்வான். அந்த நொடியில் பந்தை ஒரே தட்டு தட்டி, தானும் ஒரு எட்டு பின்னால் குதித்துவிட்டால் நடுவில் வயல் அளவுக்கு இடம் கிடைக்கும். கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கும்போதும் ரூஃபினோ பொய்யடி வைத்துப் பழகினார். ஆணி வாங்க வந்தவர்கள் மிரண்டு பின்வாங்கினார்கள். வித்தை கைவந்துவிட்டது என்று முடிவு செய்தார்.

கோடைப் போட்டியின் முதல் ஆட்டம் தலைவர் அணிக்கும் வண்டிக்காரர் அணிக்கும். தலைவரை மறிக்க நின்றவன் செல்மோ.

ரூஃபினோ பந்தை வாங்கினார். பொய்யடி வைத்தார். தோளைக் குலுக்கினார். செல்மோ அவரை ஏதோ வலிப்பு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான், நகரவில்லை. அவர் பின்னால் குதித்தபோது கூடவே வந்தான். அவர் எறிந்த பந்தைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு போய் எதிர்க் கூடையில் போட்டுவிட்டு வந்தான். இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை பந்து அவர் மூக்கில் பட்டது. களம் முழுக்கச் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி பெர்லிட்டா மட்டும், “அப்படித்தான்! ஒட்டு! ஒட்டு!” என்று கத்தினாள்.

இடைவேளையில் நடுவர் ஓஸ்டிங் செல்மோவைத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஓஸ்டிங் தொழிலால் முடிதிருத்துபவர். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர்.

“ஏண்டா, ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?”

“ஏண்ணே, நான் அவரத் தொடவே இல்லையே. தப்பு எதுவும் பண்ணலையே.”

“தப்பு பண்ணியிருந்தாத்தான் நான் விசில் அடிச்சிருப்பேனே! இங்க பாரு. என் கடை யாரு எடத்துல இருக்கு? ஊரு எடத்துல. ஒன் வண்டி எங்க நிக்குது? ஒன் பொண்டாட்டி அண்டா எங்க இருக்கு? எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறது யாரு?”

செல்மோ கஞ்சி அண்டாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அவரு நமக்கெல்லாம் எடம் குடுத்திருக்காரு. நீ அவருக்கு ஒரு முழம் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?”

இரண்டாம் பாதியில் ரூஃபினோ மறுபடி பொய்யடி வைத்தார். செல்மோவின் உடம்பு முன்னே போகப் பார்த்தது. புத்தி பின்னே இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் கால்கள் பின்னிக்கொண்டு, அவன் தடாலென்று மல்லாக்க விழுந்தான். தலைவர் பின்னால் குதித்தார், எழும்பினார், எறிந்தார். கடவுள் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, பந்து வலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். எதிராளியை வெறும் தோள் குலுக்கலிலேயே தரையில் கிடத்திவிட்டார் தலைவர்! ரூஃபினோ குனிந்து செல்மோவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. “அடி பட்டுதாப்பா? வேகத்தக் கொறச்சுக்கணும்னு நெனச்சேன், முடியல,” என்றார்.

மறுவாரம் செல்மோவுக்கு ஊர்க்காவலர் வேலை கிடைத்தது. ஒரு மேலங்கி, ஒரு விசில், ஒரு கைவிளக்கு, எல்லாவற்றிலும் தலைவர் பெயர். அடுத்த வருடம் மகள் மரிசெல் பிறந்தபோது ரூஃபினோவே ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ‘கும்பாரே’ என்று அழைத்துக்கொள்ளும் சம்பந்தம். ரூஃபினோ அப்படியே அழைத்தார். செல்மோ ‘தலைவரே’ என்பதிலேயே நின்றுகொண்டான்.

“எடங்குடுத்தா மடத்தப் புடுங்குவாங்கன்னு சொல்லுவாங்க,” என்றாள் பெர்லிட்டா. “இந்த ஆளு மடத்தையும் புடுங்கி, வாசல்ல பேரும் எழுதிடுவாரு. பாத்துக்க.”

செல்மோ எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. விழுவதென்று ஆனபிறகு அதையும் முறையாகக் கற்றான். பொய்யடிக்கு முன்பே விழுந்தால் கூட்டம் சிரிக்கும். ரொம்பத் தாமதித்தால் தலைவர் முகம் வாடும். தோள் குலுங்கி முடிகிற இடத்தில், வலது குதிகாலில் பாரத்தை ஏற்றி, பிடிக்க ஏதும் அகப்படாதா என்று கையை ஒருமுறை காற்றில் துழாவிவிட்டுப் போகவேண்டும். மழைக்காலத்தில் வழுக்கல் விழுகை, திருவிழா ஆட்டத்தில் உருண்டு புரளும் விழுகை, மாநகரிலிருந்து விருந்தினர் வந்தால் ஒற்றை முழங்காலில் சரிந்து, தலைவரை வியப்போடு அண்ணாந்து பார்க்கும் விழுகை. மற்ற ஊர்க்காவலர்களுக்கும் வயிற்றெரிச்சல் வந்து அவர்களும் விழ ஆரம்பித்தார்கள். ஆனால் தொழில் சுத்தம் இல்லை. ஒருமுறை ஒருவன் தலைவர் கையில் பந்து வருவதற்கு முன்பே விழுந்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் செல்மோ அவன் சட்டையைப் பிடித்தான்.

“அவருகிட்ட பந்தே வரலையேடா! எதைப் பாத்து ஏமாந்த? மூஞ்சியப் பாத்தா?”

“நீ மட்டும் நல்ல பேரு வாங்கணும்னு பாக்கற.”

“நல்ல பேரு வேணும்னா ஒழுங்கா விழு. இப்படி விழுந்தா அவருக்குச் சந்தேகம் வந்துடும்.”

அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் ‘இடம் உண்டாக்கும் கலை’ என்று தன் படத்தோடு பெரிய பதாகை கட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பயிற்சி முகாம் நடத்தினார். மறித்துக் காட்ட நிற்பவன் செல்மோ. “பாருங்க, இப்ப நான் இவன் கண்ணைப் பாத்து ஒரு பொய் சொல்றேன்,” என்பார் ரூஃபினோ. செல்மோ விழுவான். “இப்ப இடுப்பால ஒரு பொய்.” செல்மோ விழுவான். ஏழு நாள், காலையில் இருபது, மாலையில் இருபது. கடைசி நாள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார். செல்மோவுக்கு வலி மருந்துத் தைலம் கொடுத்தார், உண்மையான அக்கறையோடு.

நகராட்சி அரங்கத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான போட்டி அறிவித்தபோது ரூஃபினோவைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. மரத்தரை, மின்சார எண்பலகை, ஊர் ஊராக வந்த கூட்டம். எதிரணி கடற்கரைப் பக்கத்து ஊர். தலைவரை மறிக்க வந்தவர் தொப்பை வைத்த மீன் வியாபாரி ஒருவர். அவருக்கு ரூஃபினோ யார் என்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தலைவர் பொய்யடி வைத்தார். மீன்காரர் கொட்டாவி விட்டார். தலைவர் பின்னால் குதித்தார். மீன்காரர் சாவகாசமாக ஒரு எட்டு முன்னால் வந்து, பந்தை ஈ ஓட்டுவதுபோல் தட்டிவிட்டார். பதினொரு முறை எறிந்ததில் ஒன்றும் உள்ளே போகவில்லை. அதே அணியில் ஆடிய செல்மோ, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சொந்த அணிக்காரனுக்காக விழுவதற்கு ஆட்டத்தில் வழி இல்லை.

திரும்பி வரும்போது ரூஃபினோ வண்டியின் பக்கப்பெட்டியில் உட்கார்ந்து வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளே, அதுபோல மரத்தரையைத்தான் குறை சொல்லப்போகிறார் என்று செல்மோ எதிர்பார்த்தான். அவர் அதற்கும் மேலே போய்விட்டார்.

“கும்பாரே, கவனிச்சியா? அந்த மீன்காரனுக்கு ஆட்டமே தெரியல.”

“அப்படியா தலைவரே?”

“நான் பொய்யடி வெக்கிறேன், அவன் பாட்டுக்கு நிக்கிறான்! பொய்க்கு ஏமாறணும்னுகூடத் தெரியாதவன் என்னய்யா ஆட்டக்காரன்? நீ இருக்க பாரு, நீ ஆட்டம் தெரிஞ்சவன். அதான் விழற.”

செல்மோ வண்டியைப் பள்ளத்தில் விட்டான். வேண்டுமென்று இல்லை. சிரிப்பை அடக்குகிறவனுக்குக் கைப்பிடி நிலைக்காது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பெர்லிட்டாவிடம் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் அந்த மீன்காரர் செய்ததைவிட நன்றாகச் செய்தவன் அவன்.

பதவிக்கு வந்து பத்து வருடம் கழித்து ரூஃபினோ மருந்துக்கடை திவினாவிடம் அறுபத்தொரு வாக்கில் தோற்றார்.

திவினாவுக்குக் கூடைப்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜெயிப்பதைப் பற்றி நன்றாகத் தெரியும். முதல் வேலையாகக் கூடைப் பலகையில் தன் படத்தை ஒட்டச் சொன்னார். படம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. ரூஃபினோவின் காதுகள் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தன.  ஊர்ப் புனிதரின் திருவிழாவில் பழைய சபைக்கும் புதிய சபைக்கும் ஆட்டம் வைப்பது வழக்கம். அதற்கு நான்கு நாள் முன்னால் திவினா செல்மோவை மருந்துக்கடைக்கு வரச்சொன்னார்.

“நீ அந்த ஆளோட ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க, செல்மோ. மேலங்கிய வாங்கிடுங்கன்னு சொல்றாங்க.”

“தலைவரம்மா, நான் வந்து...”

“நான் வாங்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். ஞாயித்துக்கெழம அந்த மனுஷன் ஒரு பந்துகூடப் போடக்கூடாது. அவரோட வித்தையெல்லாம் ஒனக்கு அத்துப்படியாமே?”

“அத்துப்படிதாம்மா.”

“அப்ப முடிஞ்சுது. இருமலுக்கு எதாவது வேணுமா?”

செல்மோவுக்கு இருமல் இல்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ குறுகுறுத்தது. பத்து வருடம் கழித்து நிற்கப் போகிறான்! மூன்று நாள் காலையில் வீட்டு முற்றத்தில் முழங்காலை மடக்கி, கையை விரித்து, கோழிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து பழகினான். கோழிகள் ஏமாற்றப் பார்த்தும் அவன் ஏமாறவில்லை.

திருவிழா அன்று பன்றி வாட்டுகிற புகை களம் முழுக்க நிறைந்திருந்தது. கூரையின் கம்பிகளில் பையன்கள் தொற்றியிருந்தார்கள். தோற்ற மனிதர் தொப்பை தவிர மற்றதெல்லாம் மெலிந்திருந்தாலும் சட்டையில் இன்னும் ‘தலைவர்’ என்றே எழுதியிருந்தது. அவர் பந்தை வாங்கினார். செல்மோ எதிரே வந்து குந்தி நின்றான்.  “இன்னிக்காவது நின்னு காட்டுய்யா!” என்று பெர்லிட்டா கத்தினாள்.

ரூஃபினோ பொய்யடி வைத்தார். தோளைக் குலுக்கினார்.

செல்மோ விழுந்தான்.

அவனுக்கே புரியவில்லை. தரையில் கிடந்தபடி தன் காலைப் பார்த்தான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கஞ்சி அண்டா அதிர்ந்தது. சரி, முதல் தடவை, பழக்க தோஷம். எழுந்து நின்று பல்லைக் கடித்தான். மறுபடி பந்து வந்தது, மறுபடி தோள் குலுங்கியது, வலது குதிகால் தானாகப் பாரத்தை வாங்கிக்கொண்டது, கை காற்றைத் துழாவியது. இந்த முறை விழுகை இன்னும் நேர்த்தியாக இருந்தது. மூன்றாம் முறை விழாமலிருக்க ரூஃபினோவின் சட்டையைப் பிடிக்கப் போய், முன்னைவிடச் சத்தமாக விழுந்தான். ரூஃபினோ எறிந்த மூன்றில் இரண்டு வழக்கம்போல் வெளியே போனது, ஒன்று தவறிப்போய் உள்ளே விழுந்தது. அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “பதவி போகலாம். ஆட்டம் போகுமா?”

திவினா எழுந்து நின்று, செல்மோவைப் பெஞ்சுக்கு வரச் சொல்லி விரலை ஆட்டினார். அவனுக்குப் பதிலாகத் தன் அக்காள் மகனை இறக்கினார். கப்பலில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவன், நெட்டையன். ரூஃபினோவின் அடுத்த இரண்டு எறிதல்களையும் பரணில் இருந்து சாமான் எடுப்பதுபோல் எடுத்தான். ஓஸ்டிங் இரண்டுக்கும் விசில் அடித்து, கப்பல்காரன் தப்பு செய்ததாகச் சொன்னார்.

“என்ன தப்புண்ணே? நான் தொடவே இல்ல!”

ஓஸ்டிங் தன் வாயிலிருந்த விசிலை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் பத்து வருடப் பழக்கம்தான்.

விசித்திரம் என்னவென்றால், முதலில் கோபப்பட்டவர் ரூஃபினோ. “இந்தப் பையனுக்கு ஆட்டம் தெரியல, செல்மோவ அனுப்புங்க!” என்றார். கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? “செல்மோ! செல்மோ!” என்று கையைத் தட்டியது. இன்னும் நாலு தடவை விழுந்தால் திருவிழா நிறைவாக முடியும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் பெர்லிட்டா கரண்டியோடு வந்து நின்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

“என்னால முடியலடி. கால் கேக்க மாட்டேங்குது.”

“நீ எதப் பாக்கற?”

“அவரு தோளத்தான்.”

“தோளையும் மூஞ்சியையும் பாத்தா நீ விழத்தான் செய்வ. அதப் பாத்துத்தான இத்தன வருஷம் சோறு தின்னோம். அந்த ஆளு தொப்பையப் பாரு. தொப்பைக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

செல்மோ உள்ளே போனான். ரூஃபினோ பரிவோடு புன்னகைத்து, “மெதுவா வா கும்பாரே, அடி படப்போகுது,” என்றார். செல்மோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையில் ‘தலைவர்’ என்ற எழுத்துக்குக் கீழே, இடுப்பு வாருக்கு மேலே, மெல்ல ஏறி இறங்குகிற அந்த வட்டத்தைப் பார்த்தான். இடது கால் முன்னே வந்தது, தொப்பை வரவில்லை. தோள் குலுங்கியது, தொப்பை அசையவில்லை. செல்மோவின் குதிகால் துடித்தது. நின்றான். பிறகு தொப்பை பின்னால் போக ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து அவனும் போனான்.

எதிரே ஆள் இருப்பதை ரூஃபினோ எழும்பிய பிறகுதான் கண்டார். பின்னால் குதித்தால் நடுவில் இடம் இருக்கும் என்பது அவருக்குச் சூரியோதயம் மாதிரி. கண்ணுக்கு முன்னால் செல்மோவின் உள்ளங்கை பந்தின்மேல் படிந்திருந்தது. இருவரும் பந்தைப் பிடித்தபடி ஒரு நொடி காற்றில் நின்றார்கள். இறங்கும்போது செல்மோ நின்றான். ரூஃபினோ மல்லாக்கப் போய் விழுந்தார், கையை ஊன்றி, அழகில்லாமல், பழக்கமில்லாதவர் விழுகிற விதமாக.

ஓஸ்டிங் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ரூஃபினோவைப் பார்த்தார். திவினாவைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊர் எழுப்பிய கூச்சலைச் செல்மோ கேட்டான். தோளில் தூக்கினார்கள், வாட்டிய பன்றியின் மொறுமொறுப்பான தோலை முதல் துண்டாக அவனுக்குக் கொடுத்தார்கள். ஆனால் விழுந்த மனிதர் எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், புழுதியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்ததையும் பார்த்தான். பன்றித் தோல் வாயில் ரப்பர் மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் ரூஃபினோ அவனோடு பேசவில்லை. ஆணி வாங்கப் போனால் கடைப்பையன்தான் நிறுத்துக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, களத்தின் ஒரு பாதியில் பெண்கள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கையில் பந்தோடு அவரே வந்தார். பெர்லிட்டா அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தாள்.

“வா,” என்றார் செல்மோவிடம். “நெசமா ஆடு. விட்டுக் குடுக்காத.”

அரைமணி நேரம் ஆடினார்கள். செல்மோ நிஜமாகவே ஆடினான். ரூஃபினோவால் ஒரு பந்தைக்கூடச் செல்மோவின் கைக்கு மேலே எழுப்ப முடியவில்லை. கடைசியில் நெல் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். வேர்வை காதுகளிலிருந்து சொட்டியது.

“பத்து வருஷம், கும்பாரே.”

“ஆமா தலைவரே.”

“அதுல எத்தன நெசம்?”

செல்மோ நெல்லைக் கிளறுகிற பெண்களைப் பார்த்தான். அவர்கள் கிளறுவதை நிறுத்தியிருந்தார்கள்.

“சொல்லு. நான் இப்ப தலைவர் இல்ல. ஒன் அண்டாவ யாரும் தூக்க மாட்டாங்க.”

“ஒண்ணு,” என்றான் செல்மோ.

“ஒண்ணா!” ரூஃபினோ நிமிர்ந்தார். “எது?”

“ஒரு புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள் ஆடினோமே. கூரை ஒழுகிக் கெடந்துச்சு. அன்னிக்கு எனக்கு முதுகுப் புடிப்பு. விழ முடியாது, இன்னிக்கு மறிச்சுடறதுன்னு வந்தேன். நெசமாவே மறிக்கத்தான் வந்தேன். நீங்க பின்னால குதிச்சீங்க. வழுக்கி விழுந்துட்டேன்.”

“நான் போட்டேனா?”

“போட்டீங்க. உள்ள போச்சு.”

ரூஃபினோ தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. “எனக்குத் தெரியும்,” என்றார். “அன்னிக்குக் கையில ஒரு தனி உணர்ச்சி இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்.”

பத்து மணிக்குள் செய்தி சந்தைக்குப் போய்விட்டது. செல்மோவே வாயால் ஒப்புக்கொண்டான், முழுமூச்சாக மறித்தும் தலைவரைத் தடுக்க முடியவில்லை என்று ரூஃபினோ ஆணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மதியத்துக்குள் தரையில் இருந்த ஈரம் கதையிலிருந்து காய்ந்துபோயிருந்தது. மீசையிருந்தால் மண் ஒட்டியிருக்கும். அவருக்கு மீசையே இல்லை.

“அந்தப் புயல் கத நெசமா?” என்று பெர்லிட்டா கேட்டாள்.

செல்மோ யோசித்தான். “எனக்கே தெரியலடி. முதுகுப் புடிப்பு இருந்தது நெசம்.”

அந்த மாதமே அவன் மேலங்கியைத் திவினாவிடம் திருப்பிக் கொடுத்தான். ஊர்க்கூட்டத்தில் திவினா ஒரு நகைச்சுவை சொல்ல ஆரம்பித்திருந்தார். அது முடிவதற்குள் பின்னால் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. செல்மோ திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. சிரித்தது அவன்தான். அன்றைக்கே மேலங்கியைத் துவைத்து, மடித்து, மருந்துக்கடை மேசைமேல் வைத்தான்.

“ஒடம்புக்கு எதாவதா?” என்றார் திவினா.

“ஆமாம்மா. கொஞ்சம் தாமதமா கண்டுபுடிச்சேன்.”

அடுத்த கோடையில் வண்டிக்காரர் அணிக்கு ஆடினான். எதிரணி பள்ளி ஆசிரியர்கள். சாதுவான மனிதர்கள், மாலையில் உடம்பை அசைக்க வந்தவர்கள். செல்மோ அவர்களை மறித்தான். கணக்கு வாத்தியாரைக் கோட்டுக்கு வெளியே, பெஞ்சைத் தாண்டி, கஞ்சி அண்டா வரைக்கும் மறித்துக்கொண்டே வந்தான். வரலாற்று வாத்தியார் கைக்குப் பந்தே வரவில்லை, அவரையும் மறித்தான். ஒன்பதாவது நிமிடத்தில் ஐந்தாவது தப்புக்கு ஓஸ்டிங் விசில் அடித்து அவனை வெளியே அனுப்பினார். கடைசியில் வண்டிக்காரர்கள் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

விசில் அடித்து அனுப்பியதுமே செல்மோ காது வரை இளித்துக்கொண்டே வந்து, அண்டா பக்கத்தில் குந்தினான். பெர்லிட்டா பெரிய கிண்ணமாகப் பார்த்துக் கஞ்சி ஊற்றி, மேலே வறுத்த பூண்டைத் தூவினாள்.

“அஞ்சும் தப்புத்தானா?”

“ஏழு பண்ணினேன். ரெண்டு அவரு பாக்கல.”

ஓஸ்டிங் இடைவேளையில் கஞ்சிக்கு வந்தபோது, அவன் பக்கம் உட்காராமல் அண்டாவுக்கு அந்தப் புறம் போய் உட்கார்ந்தார். “இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா என்னையும் மறிச்சிருப்பான்,” என்று பெர்லிட்டாவிடம் சொல்லி, கிண்ணத்தை நீட்டினார்.